என் கார்டில் என் தங்கை

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் நான் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். வேலை நிரந்தரமான மாதம் கையில் ஒரு கார்டு கொடுத்தார்கள். தொழிலாளர் காப்பீட்டுக் கார்டு. சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், கம்பெனியும் கொஞ்சம் போடும், உடம்புக்கு வந்தால் காப்பீட்டு டிஸ்பென்சரியில் காட்டிக்கொள்ளலாம். முதல் மாதம் பிடித்தபோது நான் சூப்பர்வைசரிடம் சண்டைக்கே போனேன். "எனக்கு ஒரு நோவும் இல்ல, என்னாண்ட ஏன் புடிக்கிறீங்க?" என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆறு மாதத்தில் முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று ஒவ்வொரு மூட்டாக வீங்கிப் படுத்துவிட்டேன்.

டிஸ்பென்சரியில் அப்போது ஒரு வயதான டாக்டர் இருந்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயதில் வந்த தொண்டைக் காய்ச்சல் மூட்டுக்கு இறங்கி, இதயத்தில் ஒரு வால்வையும் கெடுத்துவிட்டது என்றார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்காக, ஒரு தடவைகூட விடாமல் போட வேண்டும் என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இதயம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே காது அடைத்துவிட்டது. மீதியை அவர் யாருக்குச் சொன்னாரோ.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் தெருமுனை டாக்டர் மருந்து எழுதும் முன் நம் முகத்தைப் பார்ப்பார், புடவையைப் பார்ப்பார், பிறகு பேனாவை மூடிக்கொண்டு "சூடா கஞ்சி குடிம்மா" என்பார். பாவம், அவரும் என்ன செய்வார், எழுதினால் வாங்கப் போகிறோமா? இந்த டாக்டர் என் புடவையைப் பார்க்கவில்லை. தேவையானதை எழுதினார். பக்கத்து ஜன்னலில் மருந்து வந்தது. மூன்று வாரம் ஓய்வு என்று எழுதினார், கம்பெனி வாயைத் திறக்கவில்லை. ஒரு டாக்டர் எழுதினால் எழுதியது நடக்கும் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

கார்டு எண்ணைச் சொன்னால் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறை வரும். உள்ளே என் கேஸ் ஷீட். என்றைக்கு என்ன நோய், என்ன ஊசி, நெஞ்சில் என்ன சத்தம் கேட்டது, எல்லாம் அதில் இருக்கும். டாக்டர் மாறினாலும் உறை மாறாது. புதிதாக வருகிறவர் அதைப் படித்துவிட்டு நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுவார். கார்டில் போட்டோ மட்டும் கிடையாது.

போட்டோ இல்லாத கார்டு எங்கள் மண்ணூர்பேட்டை வரிசை வீடுகளில் உரல் மாதிரி. ஒரு வீட்டில் இருந்தால் பத்து வீட்டுக்கும் அதுதான். எஸ்டேட்டில் கார்டு உள்ளவர் ஒருவர் என்றால், கான்ட்ராக்டில் கார்டே இல்லாமல் உழைத்தவர் மூன்று பேர் இருப்பார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுக்காதவளுக்குத் தெருக் குழாயடியில் மரியாதை கிடையாது. அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. நான் கொஞ்சம் கறார், ஊருக்கெல்லாம் கொடுக்க மாட்டேன். என் தங்கைக்கு மட்டும்.

தங்கை என்னைவிட இரண்டு வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் வேப்பம்பட்டில் இருந்தார்கள். நாங்கள் இருவரும் வேலைக்காக இங்கே ஒரு போர்ஷன் எடுத்துத் தங்கியிருந்தோம். அதே முகம், அதே உயரம், பின்னாலிருந்து பார்த்தால் அம்மாவே பெயர் மாற்றிக் கூப்பிடுவாள். அவள் ஒரு பிளாஸ்டிக் ஷெட்டில் தினக்கூலி. பத்துப் பெண்கள், ஒருத்திக்கும் கார்டு இல்லை.

ஒரு நாள் அவள் ஷெட்டிலிருந்து வரும் வழியில், லேத் பட்டறை வாசலில் கொட்டியிருந்த இரும்புச் சுருளை மிதித்துவிட்டாள். தேய்ந்த செருப்பு, சுருள் உள்ளே ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். நான்காம் நாள் அவள் பாதத்தைப் பார்த்தபோது பனம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. சீழ் நாற்றம். உடம்பு அனலாகக் கொதித்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"மூணு நாளு வாயில இன்னாடி கொழுக்கட்டையா வச்சுகினு இருந்த?"

"சொன்னா லீவு போட சொல்லுவ. லீவு போட்டா வேற ஆள எடுத்துக்குவான்க்கா."

சென்னைக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். கார்டு என் பையில் இருந்தது. கணக்குப் போட்டேன். வயதான டாக்டர் மாற்றலாகிப் போய், அந்த வாரம்தான் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். எனக்கு ஊசி போடும் நர்ஸ் காலையில் மட்டும்தான் இருப்பாள், சாயங்கால நர்ஸுக்கு என்னைத் தெரியாது. சாயங்காலம் போனால் யாருக்கும் சந்தேகம் வராது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு வழி முழுக்கப் பாடம் நடத்தினேன். என் பெயர், என் வயது, என் கம்பெனி.

"ஊசி போட்டுக்கிறியானு கேப்பாங்க."

"ஆமா, மூணு வாரத்துக்கு ஒருக்கா."

"ஒத்துக்குதானு கேட்டா?"

அவள் முழித்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒண்ணும் பண்ணலனு சொல்லுடி. அத்தோட வாய மூடிக்க."

"ஒண்ணும் பண்ணல, ஒண்ணும் பண்ணல" என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், கண்ணாடி போட்டிருந்தார். மற்ற டாக்டர்கள் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். இவர் உறையைப் பிரித்து முதல் தாளிலிருந்து படிக்க ஆரம்பித்தார். திரை பாதி விலகியிருந்ததால் வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. காலைப் பார்த்தார். கழுவிக் கட்டச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் போதாதா? குழாயை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தார்.

கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். தாளைப் பார்த்தார். மறுபடி கேட்டார். என் இதயத்தை என் தங்கையின் நெஞ்சில் தேடிக்கொண்டிருந்தார். நான் பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம், இதோ கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இரைச்சல் ஒண்ணும் கேக்கலையே. ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. "ஒத்துக்குதா உங்களுக்கு?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர்."

"கால்ல சீழ் இருக்கு. அதுக்கும் பென்சிலின்தான், கொஞ்சம் வேற விதமான ஊசி" என்று சொல்லிவிட்டு நர்ஸிடம் திரும்பினார். "இவங்க ரெண்டு வருஷமா ரெகுலரா எடுக்கிறவங்க. டெஸ்ட் டோஸ் வேணாம்."

டெஸ்ட் டோஸ் என்றால் முதலில் கையில் ஒரு சொட்டுப் போட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது. எனக்கு முதல் ஊசியின்போது அப்படித்தான் பார்த்தார்கள். அது வேண்டாம் என்றபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சீக்கிரம் முடிந்தால் சரி என்று இருந்தேன்.

ஊசி போட்டுக்கொண்டு வந்து அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்து ஜன்னலில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"அக்கா, உள்ளங்கை அரிக்குது."

"ஊட்டுக்குப் போய் சொறி. எல்லாரும் பாக்குறாங்க."

இதைத்தான் சொன்னேன். நாற்பது வருடம் ஆகப் போகிறது, இன்னும் என் காதில் என் குரல்தான் கேட்கிறது.

"அக்கா, தொண்டைய யாரோ புடிக்கிறாங்கோ" என்றாள். திரும்பிப் பார்த்தேன். உதடு தடித்துப் போய் அவள் முகமே வேறாக இருந்தது. கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தவள் அப்படியே என் மடியில் சரிந்து, அங்கிருந்து தரைக்குப் போனாள். ஜன்னலில் நின்றவர்களில் ஒரு ஆள், "இன்னாமா ஆச்சு, தூக்கு தூக்கு" என்று ஓடி வந்தார். அவரும் நர்ஸும் சேர்ந்து அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். நான் பின்னாலேயே போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை போலிருக்கிறது, கழுத்தில் பார்த்தார். மூச்சு விசில் அடித்துக்கொண்டு வந்தது. நர்ஸ், "ஊசி ஒத்துக்கல போல கீது டாக்டர். அட்ரினலின் எடுக்கட்டுமா?" என்றாள்.

டாக்டரம்மாவின் கண் மேசை மேல் கிடந்த உறைக்குப் போனது.

"ரெண்டு வருஷமா இதே மருந்து எடுக்கிறாங்க. இப்ப எப்படி ஒத்துக்காம போகும்? வால்வு கேஸ், ஹார்ட்டுதான் திடீர்னு..." என்று நிறுத்தினார். "ஹார்ட்டா இருந்தா அட்ரினலின் கொடுத்தா ஆபத்து. பொறுங்க. முதல்ல ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் எனக்கு எல்லாம் விளங்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு மருந்து இருக்கிறது, அதை என் இதயத்துக்குப் பயந்து என் தங்கைக்குக் கொடுக்காமல் நிற்கிறார் என்பது விளங்கிவிட்டது. என் வியாதி அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

இப்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்போதே நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கார்டு போய்விடும் என்று நினைத்தேன். கம்பெனிக்கு எழுதுவார்கள், வேலை போகும், போலீஸ் வரும் என்று நினைத்தேன். கார்டு போனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எனக்கு யார் ஊசி போடுவார்கள், நான் செத்துப் போய்விடுவேனே என்றும் நினைத்தேன். ஆமாம், முதலில் என்னைப் பற்றித்தான் நினைத்தேன். கூடப் பிறந்தவள் கண் முன்னால் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, எத்தனை நொடி அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது. பத்து நொடியாக இருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம்.

அவளுடைய நகங்கள் நீலமாக மாறின. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அந்த ஹார்ட்டு என்னுது டாக்டரம்மா! கார்டு என்னுது! இவ என் தங்கச்சி, இவளுக்கு ஹார்ட்டுல ஒண்ணும் இல்ல! இந்த ஊசிய இவ போட்டதே கெடையாது!"

டாக்டரம்மா என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "அட்ரினலின்" என்று கையை நீட்டினார். நர்ஸ் ஏற்கெனவே மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நின்றாள். தொடையில் குத்தினார்கள். காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூக்கினார்கள். கையில் நரம்பு தேடினார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டி வந்தார்கள். இரண்டாவது ஊசியும் போட்டார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு எந்தெந்தச் சாமியையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன டிஸ்பென்சரியில் அத்தனை மருந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருவரும் வெளியே போய் வாங்கி வா என்று சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் கழித்தோ விசில் சத்தம் குறைந்தது. டாக்டரம்மா நாடியைப் பிடித்தபடியே, "வருது, வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தங்கை கண்ணைத் திறந்தாள். டாக்டரம்மா அவள் கன்னத்தைத் தட்டி, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் என் பெயரைச் சொன்னாள். தடித்த நாக்கால் திக்கித் திக்கி என் பெயரைச் சொல்லிவிட்டு, "ஒண்ணும் பண்ணல டாக்டர்" என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சாவின் வாசல் வரை போய் வந்தவள் அங்கேயும் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. அவள் தூங்க ஆரம்பித்த பிறகு டாக்டரம்மா என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். உறை அவர் முன்னால் இருந்தது. நான் காலில் விழப் போனேன். "எழுதிடாதீங்கம்மா, வேலை போயிடும், எனக்கு ஊசி போடாம உட்டுடுவாங்க" என்றேன். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். பாதித் தண்ணீர் மேசையில் சிந்தியது. அவரும் என்னைப் போலவே பயந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நான் இங்க வந்து அஞ்சு நாள் ஆச்சு. இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இந்தத் தாளைத்தான் தெரியும்" என்றார். "ஒரு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க. யாரையும் எனக்கு முன்னப்பின்ன தெரியாம தைரியமா மருந்து எழுதுறேன்னா, இதை நம்பித்தான். இன்னிக்கு அவ நாடியை நம்பாம இதை நம்பினேன். இன்னும் ரெண்டு நிமிஷம் நீங்க பேசாம இருந்திருந்தா?"

அவர் எழுதத்தான் செய்தார், எல்லாவற்றையும். பிற்பாடு விசாரணை வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, எச்சரித்து, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தூக்குக் கயிற்றுக்குக் கீழே நிற்பவள் மாதிரி நின்றேன்.

எழுதிக்கொண்டே கேட்டார். "இதுக்கு முன்னாடி அவங்க உங்க கார்டுல வந்திருக்காங்களா?"

"இல்ல" என்றேன். உடனே, "ஒரே ஒரு தடவ" என்றேன். முதலில் இல்லை என்றது வெட்கத்தால், இதுவரை இந்த இடத்தை நான் எழுதாமல் தாண்டி வந்ததும் அதே வெட்கத்தால்தான். முந்தின வருடம் ஐப்பசி மழையில் தங்கைக்கு இருமல். வயதான டாக்டர் லீவில் போயிருந்தார், அவருக்குப் பதிலாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது. அனுப்பிவைத்தேன். சிரப் வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தாள். அவ்வளவுதான்.

டாக்டரம்மா பின்பக்கமாகப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது. 

"ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகச் சொன்னாங்களே, ஏன் போகல?"

"லெட்டர் வரும்னு பழைய டாக்டரு சொன்னாரும்மா. வரவே இல்ல. ஒரு வருசமா பாத்துகினு கீறேன்."

அது நிஜம். மூன்று வார ஊசியைக் காலை நர்ஸே போட்டு அனுப்பிவிடுவாள், அதற்கப்புறம் என் நெஞ்சில் யாரும் குழாய் வைத்ததில்லை. எத்தனை பேரிடம் திட்டியிருக்கிறேன், கவர்மெண்டு காரியம் ஆமை நடக்கிற மாதிரிதான் என்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதற்குக் கம்பெனியையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் தாளை என் பக்கம் திருப்பி, இரண்டு வரிகளைத் தமிழில் படித்துக் காட்டினார். மேலே இருந்தது வயதான டாக்டரின் கையெழுத்து. இதய இரைச்சல் கூடியிருக்கிறது, சீக்கிரம் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அதற்கு நேர் கீழே, ஒன்பது நாள் கழித்து, வேறு ஒரு கையெழுத்து. இருமல். இதயச் சத்தம் சுத்தமாக இருக்கிறது. நிபுணரிடம் அனுப்பத் தேவையில்லை.

இரண்டாவது வரி என் தங்கையின் நெஞ்சு.

அவர் எழுந்து வந்து என்னை உட்கார வைத்தார். "எழுதுறது அப்புறம் இருக்கட்டும். மூச்சை அடக்குங்க" என்று குழாயை என் நெஞ்சில் வைத்தார். சில்லென்றிருந்தது. இடது பக்கம் கேட்டார், கொஞ்சம் கீழே நகர்த்திக் கேட்டார், என்னைச் சாய்ந்து உட்காரச் சொல்லிக் கேட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று முன் தங்கையைக் கேட்டபோது வந்த சந்தோஷம் அதில் வரவில்லை.

"இது நீங்கதானே?" என்றார்.

"நான்தான் டாக்டர்."

பேனாவை எடுத்தவர், எழுதாமல் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டார்.